உன் அப்பா சாகவில்லை

மாண்ட்கமரி, அலபாமா
1956 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ரூஃபஸுக்கு அம்மா சொல்லி எழுதுவது. கர்த்தர் தயவில் இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் உன் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த நிமிஷம் அவர் அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு, மிஞ்சிப்போன பன்றித் தொடையை ரொட்டிக்குள் அடைத்துத் தின்றுகொண்டிருக்கிறார். செத்தவர் தின்கிற தீனியா இது என்று பார்த்தால் நீயே கேட்பாய். அங்கே நீயும் உன் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? டெட்ராய்ட்டில் பனி முழங்கால் வரைக்கும் என்று பேப்பரில் போட்டிருந்ததாம். நான் அனுப்பிய கம்பளி உள்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கார் கம்பெனிக்குப் போகிறாயா, இல்லை அது பெட்டிக்குள் தூங்குகிறதா?

ஞாயிற்றுக்கிழமை கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். அப்பா உயிரோடு, வராதே, மாமா பொருளை மாமாவிடமே கொடு, கடிதம் வரும் என்பதற்கு மேல் அதில் எழுத முடியவில்லை. தந்தி ஆபீஸில் இருந்த வெள்ளைக்காரன் 'அப்பா உயிரோடு' என்ற இடத்தில் பென்சிலை நிறுத்தி, இது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று என்னைக் கேட்டான். துப்பாக்கி என்று எழுதியிருந்தால் உனக்கு அனுப்புவதற்கு முன்னால் போலீஸுக்கு அனுப்பியிருப்பான். நீ மூலை மருந்துக்கடைக்குப் போன் செய்து, அப்பாவை அவங்க கொன்னுட்டாங்க, மாமாவோட துப்பாக்கியோட ரயிலேறுறேன் என்று கத்தினாயாம். மருந்துக்கடைக்காரர் பாவம், கண்ணாடிகூடப் போடாமல் சபைக்கு ஓடி வந்து, பாட்டு நடுவில் என் காதில் சொன்னார். அந்த நேரம் உன் அப்பா எனக்கு முன் வரிசையில் நின்று சுருதி சேராமல் பாடிக்கொண்டிருந்தார். செத்தவராக இருந்தால் சபைக்கு அந்த ஒரு நன்மையாவது கிடைத்திருக்கும்.

எழுதுகிறவள் உன் தங்கை ஐடெல். என் கையெழுத்தைக் கோழி கிளறியது என்று சொன்னவன் நீதான், அதனால் அவளை உட்கார வைத்திருக்கிறேன். வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிக்கச் சொல்கிறார்கள் என்பதற்காகவே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, மிஸ்டர் குரூம்ஸின் சவ அடக்க நிலையத்தில் துணி தேய்க்கப் போனவள் அவள். அங்கே இருப்பவர்கள் யாரும் அவளைக் கேள்வி கேட்பதில்லை, அது அவளுக்குப் பிடித்திருக்கிறது. இதை எழுத வேண்டாம் என்கிறாள். எழுது என்கிறேன். நான் சொல்வதை அப்படியே போடாமல் ஒழுங்குபடுத்தி எழுதுகிறாள். படித்துக் காட்டும்போது நானே காலேஜ் போனவள் போல இருக்கிறது. இப்போது உன் அப்பா எப்படிச் செத்தார் என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

வெள்ளைக்காரனுக்கு எழுந்து இடம் விடச் சொல்கிற பஸ்ஸில் டிசம்பரிலிருந்து நம் ஆட்கள் ஒருவரும் ஏறுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அந்தப் பழைய பிளிமத் காரில் உன் அப்பா காலையில் சபை மூலையில் நிற்கிறவர்களை ஏற்றி வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறார், அப்புறம்தான் குரூம்ஸிடம் போய்ச் சவ வண்டி ஓட்டுகிறார். போன மாதத்திலிருந்து போலீஸ் நம் கார்களையே குறிவைத்து நிறுத்துகிறது. உன் அப்பாவுக்கு வேகமாகப் போனதற்கு ஒரு அபராதச் சீட்டு, மெதுவாகப் போனதற்கு ஒரு சீட்டு, நேராகப் போகிற ரோட்டில் திரும்புவதற்குக் கை காட்டவில்லை என்று ஒரு சீட்டு. இன்னும் ஒன்று எழுதினால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவோம் என்று நீதிபதியே சொல்லிவிட்டார். லைசென்ஸ் போனால் பிளிமத் மட்டுமா நிற்கும், சவ வண்டியும் போய்விடும். வேறு வேலை தெரிந்த மனிதரா உன் அப்பா? ஊரில் மிச்சம் இருக்கிறவர்களையெல்லாம் கல்லறைக்குக் கொண்டுபோய் விடாமல் எனக்குச் சாவு வராது என்கிறவர். அதனால் வீட்டில் சில நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஓட்டாமல் வீட்டில் இரு என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருக்கவும் மாட்டார்.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது, மறுநாள் காலையில் சபை மூலையிலேயே போலீஸ் வண்டி நிற்கப்போகிறது, பிளிமத்துக்காகவே காத்திருக்கிறார்கள் என்று நம் சபை டீக்கன் வந்து சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது உன் தங்கை, வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவள், தட்டிடம் பேசுவது போல, "சாவு ஊர்வலத்த யாரும் நிறுத்த மாட்டாங்கல்ல" என்றாள். உன் அப்பா மெல்லுவதை நிறுத்தினார். "வெளக்கப் போட்டுக்கிட்டுப் போனா போதும்" என்றாள் மறுபடியும். அவ்வளவுதான், அந்த வாரக் கணக்கு முடிந்தது. உன் அப்பா வாயில் இருந்ததை விழுங்காமலே தொப்பியை எடுத்துக்கொண்டு குரூம்ஸ் வீட்டுக்குப் போய்விட்டார். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு கருப்பு வண்டிகள் வரிசையாக வந்தால் இந்த ஊரில் வெள்ளைக்காரனும் ஓரம்கட்டித் தொப்பியைக் கழற்றுவான் என்று உனக்குத் தெரியாதா. நாம் உயிரோடு இருக்கும்போது ஒதுங்காதவன் நாம் செத்தால் ஒதுங்குவான்.

ஆக வெள்ளிக்கிழமை காலையில் முன்னால் சவ வண்டி, உன் அப்பா ஓட்டினார். அதற்குப் பின்னால் குரூம்ஸின் நீளக் கார், அதை அவரே ஓட்டினார். பின்னால் இன்னும் இரண்டு கார். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேஷம்கூடப் போட வேண்டியிருக்கவில்லை. வீட்டு வேலைக்குப் போடுகிற வெள்ளை உடுப்பு, நம் சபையில் அடக்கத்துக்கு நிற்கிற சகோதரிகளின் வெள்ளை உடுப்பு, இரண்டும் ஒன்றுதானே. ஜெபம் பண்ணப் போகிறவர்கள் மாதிரி ஏறி உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் மூன்று பேர் சவ வண்டிக்குள்ளேயே ஏறித் திரைக்குப் பின்னால் சாப்பாட்டு வாளியோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி டீக்கன் மனைவி பியூலா. அவள் ஏறியதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்ததைப் பார்த்து உன் அப்பா, "சகோதரி, இந்த வண்டியில படுத்துக்கிட்டு வந்தவங்க யாரும் இப்படிக் குலுக்கினதில்ல" என்றார். எனக்கு முழங்கால் மடங்கவில்லை, அதனால் முதல் காரில் கால் நீட்ட இடம் இருக்கிறது என்று அதில் ஏறி உட்கார்ந்தேன், கருப்புத் தொப்பியும் முகத்தை மூடுகிற வலையும் போட்டுக்கொண்டு. ஐடெல் என் பக்கத்தில். சவ வண்டிக்கு அடுத்த கார் செத்தவரின் பெண்டாட்டி பிள்ளைக்கு என்று குரூம்ஸிடம் வேலை பார்க்கிற உன் தங்கைக்குத் தெரியும், குரூம்ஸுக்கும் தெரியும், இத்தனை அடக்கத்துக்குப் போன எனக்கும் தெரியும். முழங்கால் வலியில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

ரூஃபஸ், அந்தக் காலையை நீ பார்த்திருக்க வேண்டும். மார்க்கெட் பக்கம் திரும்பும்போது எதிரே பஸ் வந்தது. உள்ளே ஒரே ஒரு வெள்ளைக்காரக் கிழவி, மற்றபடி வெறும் சீட்டுகள். ஓட்டியவன் யார் என்று நினைக்கிறாய்? அந்தச் சிவந்த மூக்கன். போன வருஷம் மழையில் முன்வாசலில் என்னிடம் காசை வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக ஏறு என்று இறக்கிவிட்டு, நான் பின்னால் போவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போனானே, அவன்தான். அவன் பஸ்ஸை ஓரம்கட்டி நிறுத்தினான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். பாத்திரம் கழுவப் போகிற பெண்களுக்கு அந்த மூக்கன் மரியாதை செய்தான், அவன் தலையில் வழுக்கை விழுந்திருப்பதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் வலைக்குள்ளிருந்து மெதுவாகத் தலையை ஆட்டினேன், ராணி ஆட்டுகிற மாதிரி.

அடுத்த மூலையில் போலீஸ். உன் அப்பாவுக்குச் சீட்டு எழுதின அதே சின்னப் பையன், மீசை முளைத்தும் முளைக்காமலும் இருப்பான். கையைக் காட்டி நிறுத்தினான். லைசென்ஸ் போச்சு, வேலை போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உன் அப்பா பக்கத்தில் வந்து குனிந்து, "யாருப்பா போயிட்டது?" என்றான். மற்ற நாளெல்லாம் உன் அப்பாவை டேய் என்று கூப்பிடுகிறவன். மரியாதை வேண்டும் என்றால் நாம் செத்துத் தொலைய வேண்டும் போலிருக்கிறது. உன் அப்பா பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் போதகர் எங்கள் எல்லோரிடமும் கை தூக்கச் சொல்லி வாக்கு வாங்கியிருக்கிறார், அடித்தால் திருப்பி அடிக்கக் கூடாது, திட்டினால் திட்டக் கூடாது, பொய் சொல்லக் கூடாது என்று. அடிக்காமல் இருப்பதுகூடச் சுலபம், இந்த மூன்றாவதுதான் கஷ்டம். உன் அப்பா நேராகப் பார்த்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்தச் சமயம் பார்த்துச் சவ வண்டிக்குள்ளிருந்து ஒரு தும்மல்.

பியூலாதான். முந்தின நாள் அடக்கத்தில் மிஞ்சிய பூவெல்லாம் உள்ளேயே கிடந்திருக்கிறது, பூ அவளுக்கு ஆகாது. அந்தத் தும்மல் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். போலீஸ்காரன் சவ வண்டியைப் பார்த்தான். அப்புறம் எங்கள் காரைப் பார்த்தான். அங்கே உன் தங்கை கைக்குட்டையை முகத்தோடு அழுத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கக் குனிந்திருந்தாள். பயத்தில் அழுதுவிட்டாள் பிள்ளை. நானும் பதறிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவன் அவள்தான் தும்மினாள், அவள்தான் அழுகிறாள் என்று நினைத்து, "பாவம், சின்னப் பொண்ணு" என்று சொல்லி, நடுரோட்டில் போய் நின்று மற்ற வண்டிகளையெல்லாம் நிறுத்தி எங்களை அனுப்பிவைத்தான். நம் கல்லறைத் தோட்டம் வெள்ளைக்காரர்கள் குடியிருக்கிற பக்கம்தானே இருக்கிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கல்லறை வாசலில் இறங்கி அவரவர் வேலை வீட்டுக்குப் பின்சந்து வழியாகப் போய்விட்டோம். யாரும் யாரிடமும் ஒரு பொய் சொல்லவில்லை. விளக்கு எரிந்தது, அவ்வளவுதான்.

இனி என் எஜமானி மிஸஸ் ஹென்லி கதை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் காலையிலேயே செல்மாவில் இருக்கிற தங்கையைப் பார்க்கப் போய்விடுவாள், நான் சாவியை வைத்துத் திறந்து வேலை பார்த்துவிட்டு வருவேன். அன்றைக்கு அவளும் ஓரம்கட்டி நின்ற கார்களில் ஒன்றில் இருந்திருக்கிறாள். சவ வண்டிக்குப் பின்னால் முதல் காரில், விதவை உட்காருகிற இடத்தில், கருப்பு வலையோடு நான். பக்கத்தில் குலுங்கி அழுகிற மகள். என் புருஷன் எல்பர்ட் போய்விட்டான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். முன்னால் போன சவ வண்டியை ஓட்டுகிறவரே எல்பர்ட்தான், அதை அவள் பார்க்கவில்லை. சவ வண்டி ஓட்டுகிறவனை இந்த ஊரில் எந்த வெள்ளைக்காரி பார்த்திருக்கிறாள்? அது போகட்டும், மறுநாள் செல்மாவிலிருந்து வந்து வீட்டைத் திறந்தால் தரை துடைத்திருக்கிறது, வெள்ளிச் சாமான் பளபளக்கிறது. புருஷனை மண்ணில் போட்ட கையோடு வந்து என் வீட்டைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாளே, இவளை மாதிரி விசுவாசம் உண்டா என்று சமையலறையில் உட்கார்ந்து அழுதாளாம். அழுதுவிட்டு நேராகத் தந்தி ஆபீஸுக்குப் போய் உனக்கு அனுதாபத் தந்தி கொடுத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு உனக்குப் பழக் கேக் அனுப்பிய விலாசம் அவளிடம் இருந்ததே. அந்தக் கேக்குக்கு நீ இன்றுவரை ஒரு வரி நன்றி எழுதவில்லை, அதையும் ஞாபகப்படுத்துகிறேன்.

தந்தியோடு நிற்காமல், கிராம்பு குத்திச் சுட்ட முழுப் பன்றித் தொடை ஒன்றைப் பூப்போட்ட பெரிய தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம். நான் சபைச் செலவுக்கு மீன் வறுத்து விற்கப் போயிருந்தேன். கதவைத் திறந்தது உன் அப்பா. பனியன் மட்டும் போட்டுக்கொண்டு, ஒரு கன்னத்தில் சவரச் சோப்போடு. பதினொரு வருஷமாக அவள் வீட்டுப் பின்வாசலில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர், அவள் புல்வெளி மரத்தை வெட்டிப் போட்டவர், அவள் மாமனார் செத்தபோது பியானோவை மாடியிலிருந்து இறக்கினவர். ஐடெல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மிஸஸ் ஹென்லி உன் அப்பாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, கண் கலங்கி, "எல்பர்ட் போயிட்டான்னு கேள்விப்பட்டு மனசே சரியில்ல. நீ அவன் தம்பியா?" என்றாளாம். உன் அப்பா வாயைத் திறந்தார், மூடினார், தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். பொய் சொல்லக் கூடாதே. கடைசியில், "எல்பர்ட்டுக்குப் பன்னித் தொடைன்னா உசுரும்மா" என்றார். அவள் அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் அழுதுவிட்டுப் போனாள்.

நான் வந்து பார்த்தால் மனிதர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொடாமல் உட்கார்ந்திருந்தார். ஐடெல் நடந்ததைச் சொன்னதும் முதலில் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றுவிட்டது. "பதினோரு வருஷம் லவீனியா, தம்பியான்னு கேக்கறா" என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே, செத்துப்போனவனுக்குக் கொண்டுவந்ததை உயிரோடு இருக்கிறவன் சாப்பிட்டால் பாவமா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். கத்தியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை உன் போன். அதற்குப் பிறகு சாப்பாடும் சிரிப்பும் போய்விட்டது. ஒரு பக்கம் நீ துப்பாக்கியோடு கிளம்புகிறாய். இன்னொரு பக்கம் மிஸ்டர் ஹென்லி யார் என்று உனக்குத் தெரியும், பஸ்ஸில் ஏறாத வேலைக்காரிகளை எல்லாம் நிறுத்திவிட வேண்டும் என்று கூட்டம் போடுகிறவர்களில் அவர் முதல் வரிசை. எல்பர்ட் உயிரோடு இருக்கிறார் என்றால் யாருடைய ஊர்வலம் அது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி போலீஸுக்குப் போனால் லைசென்ஸோடு முடியாது, குரூம்ஸ் கடையையும் பூட்டிவிடுவார்கள். குரூம்ஸ் உன் அப்பாவிடம், கொஞ்ச நாள் செத்தவனாகவே இருந்துவிடேன், நான் வேண்டுமானால் கல்லறைக் கல் வெட்டித் தருகிறேன் என்றார். போதகர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவின் கண்ணீரைத் திருடி வைத்துக்கொண்டு நாம் நியாயம் கேட்க முடியுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. என் காசைத் திருடினானே மூக்கன், அதற்கு யார் கேட்டது என்று நினைத்தேன். ஆனாலும் அவர் சொன்னது முள் மாதிரி உள்ளே நின்றுவிட்டது.

நேற்று, திங்கட்கிழமை, நடந்தே வேலைக்குப் போனேன். மிஸஸ் ஹென்லி கதவைத் திறந்து என்னைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்தாள், அவள் கையால் காபி ஊற்றினாள். எனக்கென்று அலமாரிக் கீழ்த்தட்டில் இருக்கிற கைப்பிடி உடைந்த கோப்பையில் இல்லை, விருந்தாளிக் கோப்பையில். அதைக் குடித்து முடித்த பிறகுதான் சொன்னேன். கர்த்தர் அந்தக் காபியை மன்னிப்பார். "அம்மா, எல்பர்ட் சாகல" என்றேன். அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது. அப்புறம், "அப்ப என் பன்னித் தொடைய வாங்கினது யாரு?" என்றாள். எல்பர்ட்தான் என்றேன். அவள் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்வாசலில் உன் அப்பா வந்து நிற்கிற இடம் அந்த ஜன்னலில் தெரியும். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் ஆரம்பித்துவிட்டதால் நிறுத்தவில்லை. அது சாவு ஊர்வலம் இல்லை, நாங்கள் வேலைக்கு வந்தது, போலீஸ் எங்களை விட மாட்டேன் என்கிறது என்றேன். "நான் இனிமே அந்த பஸ்ல ஏற மாட்டேம்மா. பின்னாடி ஏறு, எழுந்து நில்லுன்னு சொல்ற வரைக்கும் ஏற மாட்டேன். வேலைய விட்டு நிறுத்தறதுன்னா இப்பவே சொல்லிடுங்க, அடுப்புல எதையும் வைக்கல" என்றேன். பதினொரு வருஷத்தில் அவளிடம் நான் சேர்ந்தாற்போல் பேசினது அவ்வளவுதான். வகுப்பில் ஒப்பிக்க எழுப்பிவிட்ட ஐடெல் மாதிரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மிஸஸ் ஹென்லி ஜன்னலை விட்டுத் திரும்பாமலே, "இது மிஸ்டர் ஹென்லிக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். அவர் சட்டைகள் இஸ்திரிக்குக் கிடக்கின்றன என்றாள். நான் போய் இஸ்திரி போட்டேன். எனக்காகவா வாயை மூடிக்கொண்டாள்? இல்லை மகனே. கறுப்பன் வீட்டுக்கு அழுதுகொண்டே பன்றித் தொடை எடுத்துப் போனேன், அதைச் செத்தவன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன் என்று எந்தச் சீட்டாட்டக் கூட்டத்தில் அவள் சொல்லுவாள்? வெட்கம் அவளைப் பிடித்துக்கொண்டது, அது எங்களைக் காப்பாற்றியது. அவளை நல்லவள் ஆக்கிச் சொல்ல நான் தயாராக இல்லை. தட்டைத் திரும்பக் கேட்கவும் அவள் மறக்கவில்லை.

சாயந்தரம் நான் கோட்டை மாட்டும்போது, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கார்ச் சாவியை எடுத்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வேலைக்காரி எஜமானி பக்கத்தில் உட்காரக் கூடாது அல்லவா, அதனால் வழக்கப்படி நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். முன்னால் அவள் ஓட்ட, பின்னால் கருப்புத் தொப்பியோடு நான் சாய்ந்துகொண்டு ஊர் நடுவே போனோம். சபை மூலையில் நின்றவர்கள் கை ஆட்டினார்கள், நானும் ஆட்டினேன். அந்தச் சின்னப் போலீஸ்காரன் பார்த்துக்கொண்டே நின்றான், எதற்குச் சீட்டு எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டு வாசலில் உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். மிஸஸ் ஹென்லி கண்ணாடியை இறக்கினாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கியா எல்பர்ட்?" என்றாள். உன் அப்பா தொப்பியைத் தொட்டு, "போன வாரத்துக்கு இப்ப தேவலைம்மா" என்றார். நாளைக்குக் காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்றைக்கு வந்தாள். லவீனியா, உன் டிரைவர் வந்துட்டாங்க என்று உன் அப்பா கத்தியதில் தெருவே எட்டிப் பார்த்தது.

குரூம்ஸ் இனிமேல் ஊர்வலம் கிடையாது என்று சொல்லிவிட்டார், தினமும் சாவு விழுந்தால் சுகாதார அதிகாரி வந்துவிடுவானாம். உன் அப்பா இன்றைக்கும் பிளிமத்தைத்தான் ஓட்டினார், பொறுமையாக, கை காட்டிக் காட்டி. கடைசிச் சீட்டு நாளைக்கே விழலாம், விழுந்தால் நடப்பார், கால் இருக்கிறது. பயப்படாமல் இருக்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ரூஃபஸ், நீ அந்தத் துப்பாக்கியோடு இந்த ஊரில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். போதகர் ஒருவர் வீட்டு வாசலில் குண்டு வெடித்ததைப் பேப்பரில் படித்திருப்பாய். அவர்களிடம் குண்டு இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, நீதிபதி இருக்கிறார். நம் கையில் ஒரு துப்பாக்கி, அது ஒன்றைத்தான் இத்தனை நாளாகத் தேடிக் கிடைக்காமல் தவிக்கிறார்கள். அதை நீ ரயிலேறிக் கொண்டுவந்து கொடுக்காதே. உன் அப்பா சொல்கிறார், செத்தது நான், கோபப்பட வேண்டியதும் நான், அவனை வேலையைப் பார்க்கச் சொல் என்று. பார்க்க வேண்டும் போலிருந்தால் ஈஸ்டருக்கு வா, வெறும் கையோடு வா, பஸ் ஸ்டாண்டு பக்கம் போகாமல் ஸ்டேஷனிலேயே நில், அப்பா வந்து கூட்டிக்கொண்டு வருவார். எந்த வண்டியில் என்று மட்டும் கேட்காதே.

சபை அடுப்புக்குப் புதுக் குழாய் வந்திருக்கிறது. நம் சொந்தத்தில் நெட்டிக்கு ஆண் குழந்தை, காது உன் மாமா காது, பாவம். என் செருப்புக்கு உன் அப்பா டயர் துண்டு வைத்துத் தைத்திருக்கிறார், நடந்தால் கார் தடம் விழுகிறது. கர்த்தர் உன்னைக் கண்ணின் மணி போலக் காப்பாராக, உன் கைக்கும் வாய்க்கும் காவல் வைப்பாராக. துப்பாக்கியை மாமாவிடம் கொடுத்தேன் என்று உடனே ஒரு கார்டு போடு. கம்பளிச் சட்டை. மிஸஸ் ஹென்லிக்கு நன்றிக் கடிதம், கேக்குக்கும் தந்திக்கும் சேர்த்து. தந்திக்கு என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் உங்கள் அன்புக்கு நன்றி என்று மட்டும் போடு. பொய் எழுதாதே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிற
அம்மா, லவீனியா

பன்றித் தொடை நன்றாக இருந்தது. கிராம்புதான் கொஞ்சம் தூக்கல். காலம்சென்ற உன் அப்பா, எல்பர்ட்.

அண்ணா, நான் ஐடெல். அம்மா கோழிக்கூட்டை மூடப் போயிருக்கிறாள், அதற்குள் எழுதுகிறேன். மேலே அம்மா சொன்னதில் ஒன்று மட்டும் சரியில்லை, அவள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிவிட்டேன். அன்றைக்குக் காரில் நான் அழவில்லை. பியூலா அக்கா தும்மினதும், அந்தப் போலீஸ்காரன் தொப்பியை நெஞ்சில் வைத்தபடியே சவ வண்டியைப் பார்த்து, யார் தும்மினாலும் சொல்கிற வழக்கத்தில், "கர்த்தர் உன்ன ஆசீர்வதிக்கட்டும்" என்றான். சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னோம் என்று அவன் யோசித்தான். அந்த முகத்தை நீ பார்க்கவில்லையே. சிரித்தால் அப்பாவின் லைசென்ஸ் போய்விடும் என்று கைக்குட்டையை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன், அடக்கின சிரிப்பு தோளில் குலுங்கிவிட்டது. அம்மா நான் பயந்து அழுதேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்லாதே. ஈஸ்டருக்கு வரும்போது உனக்கு மட்டும் நின்று நடித்துக் காட்டுகிறேன்.